கவிழ்த்து இறக்கிய கூடை

எங்கள் ஊரில் ஆறு இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை. பாலாற்றில் வெள்ளம் வந்தால் ஆம்பூரே பாலத்தின் மேல் ஏறி நின்று வேடிக்கை பார்க்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த என் தம்பி நடுக்கடலில் வேலை பார்க்கப் போவான் என்று யார் நினைத்திருப்பார்கள்? அவன் நீந்தக் கற்றதே ஒடுகத்தூர் பக்கம் மாமாவின் விவசாயக் கிணற்றில்தான். கோடை விடுமுறைக்குப் போனால் பகல் முழுக்கக் கிணற்றில் கிடப்பான். உள்ளே போனவன் மேலே வர நேரமானால் அம்மா கிணற்றுமேட்டில் நின்று கத்துவாள். அவன் மோட்டார் குழாயைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தலையை நீட்டிச் சிரிப்பான்.

அப்பா தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்த்தவர். நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே நெஞ்சுவலியில் போய்விட்டார். அம்மா மிஷன் பள்ளியில் டீச்சர். நான் பிளஸ் டூ முடித்ததும் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் சேர்ந்து, சில வருடங்களில் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர் ஆனேன். தம்பி என்னைவிட ஆறு வயது சிறியவன். வேலூருக்குத் தினமும் ரயிலில் போய் விலங்கியல் படித்தான். படித்து முடித்து இரண்டு வருடம் டியூஷன் எடுத்துக்கொண்டு திரிந்தான். பிறகு தூத்துக்குடியில் ஒரு மீன் ஆராய்ச்சித் திட்டத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. தொண்ணூறுகளின் கடைசி அது.

வேலை என்னவென்றால், ஆழ்கடலில் தூண்டில் போட்டு மீன் பிடிப்பது, நீளம் அளப்பது, முதுகுத் துடுப்புக்குப் பக்கத்தில் எண் போட்ட சின்ன பிளாஸ்டிக் குறி ஒன்றைக் குத்தி மறுபடி கடலில் விட்டுவிடுவது. வேறு எங்காவது யாராவது அந்த மீனைப் பிடித்துக் குறியைக் கொண்டுவந்து கொடுத்தால், அது எவ்வளவு தூரம் போனது, எவ்வளவு வளர்ந்தது என்று தெரியும்.

அம்மாவுக்கு இது புரியவே இல்லை. "பிடிச்ச மீனை எதுக்குடா திருப்பி விடறீங்க?" என்று கேட்டாள்.

"அது எங்க போவுதுன்னு தெரிஞ்சிக்கத்தாம்மா."

"நீ எங்க போறன்னே எனக்குத் தெரியல. இதுல மீனு எங்க போவுதுன்னு பாக்கறானாம்."

முதல் வருட கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஆள் கறுத்து, நன்றாகச் சாப்பிட்டு, ஓயாமல் பேசினான். அடுத்த முறை வந்தபோது பேச்சு குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் வழியில் கேட்டேன்.

"இன்னாடா ஆச்சு உனக்கு?"

"அக்கா, நாங்க குறி போட்டு விடறது மீனை இல்ல. பொணத்தை."

அப்புறம் வீடு வரும்வரை விளக்கிக்கொண்டே வந்தான். மீனின் வயிற்றுக்குள் ஒரு காற்றுப்பை இருக்கிறதாம். ஆழத்தில் தண்ணீர் நாலாபக்கமும் அழுத்திக்கொண்டிருப்பதால் அந்தப் பை சின்னதாக இருக்கும். தூண்டிலில் மாட்டிய மீனைச் சரசரவென்று மேலே இழுத்தால் அழுத்தம் போய்விடும், பை பலூன் மாதிரி உப்பும். உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் நெருக்கித் தள்ளும். கண் பிதுங்கும். இரைப்பை வாய் வழியாக வெளியே வரும். அதைத் திருப்பிக் கடலில் போட்டால் கீழே போக முடியாது. உயிரோடு மல்லாந்து மிதக்கும். வெயில் காயும், பறவை கொத்தும்.

"படகு திரும்பும்போது பின்னாடி பாத்தா வெள்ளை வெள்ளையா வயிறு மிதக்குது. எல்லாத்துலயும் எங்க குறி தொங்குது" என்றான்.

சிலர் ஊசியால் வயிற்றில் குத்திக் காற்றை எடுத்துவிடுவார்களாம். அவனும் அதைச் செய்துபார்த்திருக்கிறான். சரியான இடத்தில் குத்தத் தெரியாவிட்டால் உள்ளே ஈரலும் குடலும் கிழிந்துவிடும். வாயில் வெளியே வந்திருப்பது காற்றுப்பை என்று நினைத்து இரைப்பையையே குத்தியவர்களும் உண்டு. அவன் வேறு வழி யோசித்திருந்தான். மீன் எந்த ஆழத்திலிருந்து வந்ததோ அந்த ஆழத்துக்கே அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டால்? அழுத்தம் திரும்பும், பை சுருங்கும், மீன் தானாக நீந்திப் போய்விடும். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் பால் கூடை ஒன்று போதும். அதைக் கவிழ்த்து, ஓரத்தில் கனம் கட்டி, மேலே கயிறு கட்டி மீனின் மேல் மூடி இறக்க வேண்டும். மேலே மிதக்கப் பார்க்கும் மீன் கவிழ்ந்த கூடைக்குள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கும். கீழே போய்த் தெம்பு வந்ததும் திறந்த பக்கம் வழியாக இறங்கிப் போய்விடும்.

கனத்துக்கு என்ன கட்டுவது என்று கேட்டான். எங்கள் கம்பெனியில் தோல் வெட்டும் இரும்பு அச்சுகள் பழசானால் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றும் ஒரு பாத வடிவத்தில் இருக்கும். மேனேஜரிடம் கேட்டு, கேட்டில் காட்டச் சீட்டு வாங்கி, ஒரு கோணிப்பை நிறைய எடுத்துவந்தேன். கம்பெனி பஸ்ஸில் அதை ஏற்றியபோது என் லைன் பெண்கள், "யக்கா, பழைய இரும்புக் கடை வைக்கப் போறியா?" என்று சிரித்தார்கள். அதைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு தம்பி ரயிலேறினான்.

சில மாதம் கழித்து, அம்மா ரிட்டயர் ஆன சமயம், அவளை அழைத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் போனேன். அம்மா அவன் அறையைக் கூட்டிப் பெருக்கிச் சமைத்துப்போட்டாள். நான் படகில் வருவேன் என்று அடம்பிடித்தேன். பொம்பளை படகில் ஏறுவதா என்று படகோட்டி முகத்தைச் சுளித்தார். தம்பி அவரிடம் என்னவோ சொல்லிச் சமாளித்தான்.

விடிந்தும் விடியாமலும் புறப்பட்டோம். கரை மறைவதற்குள் நான் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டேன். பார் என்று அவர்கள் சொல்கிற கடலடிப் பாறைக்கு மேலே படகை நிறுத்தினார்கள். ஆழத்தை அங்கே பாகக் கணக்கில் சொல்வார்கள், இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். தூண்டில் கயிறு போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒருவர் கைமாற்றிக் கைமாற்றி இழுத்தார். மேலே வந்தது ஒரு களவா மீன். சிவப்புப் புள்ளிகள் போட்ட, தடித்த உதட்டு மீன். அதன் கண்கள் கோலிக்குண்டு மாதிரி வெளியே நின்றன. வாயிலிருந்து இளஞ்சிவப்பாக ஒரு பை தள்ளிக்கொண்டு நின்றது.

தம்பி கையைக் கடல்நீரில் நனைத்துக்கொண்டு அதைப் பிடித்தான். "காஞ்ச கையால தொட்டா மேல இருக்கற வழவழப்பு போயிடும். அப்புறம் புண்ணு வரும்" என்றான். ஈரத்துண்டால் கண்ணை மூடினான். அளந்து, குறி குத்தி, தூண்டில் முள்ளைக் கழற்றி, பேசிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட்டான். தண்ணீரில் விட்டதும் மீன் மல்லாந்தது. கூடையை அதன் மேல் கவிழ்த்துக் கயிற்றை விட்டான். எங்கள் கம்பெனி அச்சுகள், ஆறாம் நம்பர், ஏழாம் நம்பர் பாதங்கள், பச்சைத் தண்ணீரில் கொஞ்ச நேரம் தெரிந்து மறைந்தன. கயிறு முழுக்கப் போனபின் சற்று நேரம் பிடித்திருந்துவிட்டு இழுத்தான். கூடை காலியாக வந்தது.

"பாத்தியா!" என்றான்.

படகில் இருந்த திட்ட அதிகாரி நல்ல மனிதர்தான். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, கூடை காலியா வருது, சரி. உள்ள போன மீன் பொழச்சுதா, செத்து விழுந்துச்சான்னு யார் பாத்தா? ஒரு மீனுக்கு இவ்ளோ நேரம் செலவழிச்சா நாம எப்ப வேலைய முடிக்கறது?"

நான் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் கிணற்றில் குதிப்பதற்கு முன்னால் அப்படித்தான் நிற்பான்.

தூத்துக்குடியில் சங்கு எடுக்கக் கடலுக்குள் மூழ்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், தம்பியைவிடச் சற்று மூத்தவர், அவனுக்கு நெருக்கமாகியிருந்தார். முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டிக்கொண்டு மூழ்க அவரிடம்தான் கற்றுக்கொண்டான். விடுமுறை நாட்களில் அவர் வள்ளத்தில் போய், மீனைப் பிடித்துக் கூடையில் இறக்கச் சொல்லிவிட்டு, தானும் கூடவே இறங்கினான். எதுவும் எங்களுக்குத் தெரியாது. ஒரு நாள் மதியம் கம்பெனி ஆபீசுக்கு போன் வந்தது. வீட்டில்தான் யாருக்கோ என்னவோ என்று பதறி ஓடினேன்.

"அக்கா! போவுது அக்கா! நான் கண்ணால பாத்தேன்!"

"இன்னாடா போவுது?"

"மீனு! கீழ போனதும் கண்ணு உள்ள போய்டுச்சு. கொஞ்ச நேரம் கூடைக்குள்ளயே செவுளை ஆட்டிக்கினு நின்னுச்சு. அப்புறம் தலைய கீழ உட்டு, பாறை சந்துக்குள்ள போய்டுச்சு!"

அவன் அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டது அதுதான் கடைசி.

அடுத்த போனும் ஆபீசுக்குத்தான் வந்தது. பேசியது சங்கு எடுப்பவர். தம்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறான், உடனே வாருங்கள் என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அம்மாவும் நானும் போய்ச் சேர்வதற்குள் இன்னொரு பகல் கழிந்துவிட்டது.

நடந்ததை அவர்தான் வார்டுக்கு வெளியே நின்று சொன்னார். அன்று தம்பி காலையிலிருந்து திரும்பத் திரும்ப மூழ்கியிருக்கிறான். கடைசியாக இறக்கிய மீன் கூடையை விட்டுப் போகாமல் நின்றிருக்கிறது. அது போகட்டும் என்று இவனும் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். சிலிண்டரில் காற்று தீர்ந்தது. ஒரே மூச்சில் மேலே வந்துவிட்டான்.

"வந்தப்ப நல்லாத்தான் இருந்தாரு அக்கா. சிரிச்சாரு. கொஞ்ச நேரத்துல தோள்பட்டை வலிக்குன்னாரு. அப்புறம் கால்ல எறும்பு ஊருற மாதிரி இருக்குன்னாரு. எனக்குத் தெரிஞ்சு போச்சு. எங்க ஆளுங்க எத்தனை பேருக்கு இது வந்திருக்கு!"

ஆழத்தில் இருக்கும்போது மூச்சுக்காற்று இரத்தத்தில் கரைந்துபோகுமாம். மெதுவாக, நின்று நின்று மேலே வந்தால் அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். சட்டென்று வந்தால் உடம்புக்குள்ளேயே குமிழ் குமிழாகப் பொங்கிவிடும். சோடா புட்டியைத் திறந்த மாதிரி என்று டாக்டர் சொன்னார். குமிழ் தம்பியின் தண்டுவடத்தில் போய் நின்றுவிட்டது.

"உடனே திரும்ப கடலுக்குள்ள எறக்கினோம் அக்கா. எங்க வழக்கம் அதுதான். இன்னொரு சிலிண்டரக் கட்டி, நானும் கூட எறங்கி, தோளைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். கீழ போனதும் கால் அசைஞ்சுது. கையால சைகை காட்டினாரு, நல்லாருக்குன்னு. நெறைய நேரம் வச்சிருக்கணும். ஆனா காத்து இல்ல. அந்த ஒரு சிலிண்டர்தான் மிச்சம். அதுவும் பாதி."

அந்த மனிதர் என் முன்னால் நின்று தேம்பி அழுதார். அம்மா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் சொன்னது எதுவும் அம்மாவுக்கு விளங்கியிருக்காது. "என் பிள்ள நடப்பானா?" என்று மட்டும் கேட்டாள்.

இந்த நோய்க்கென்று இரும்பு அறை இருக்கிறதாம். ஆளை உள்ளே படுக்கவைத்துக் காற்றழுத்தத்தை ஏற்றி, பிறகு மெல்ல மெல்ல இறக்குவார்கள். அது பக்கத்தில் எங்கும் இல்லை. இருக்கும் இடத்தைத் தேடி, பேசி, வண்டி பிடித்து, அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது நேரம் கடந்துவிட்டது என்றார்கள். ஆனாலும் உள்ளே வைத்துப் பார்த்தார்கள். கைவரை பரவியிருந்த மரமரப்பு போனது. இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை.

அங்கிருந்து வேலூர். பெரிய ஆஸ்பத்திரியில் பல மாதம் இருந்தோம். அங்கே அவர்கள் பொய் சொல்லவில்லை. கால் வராது, அதை விட்டுவிடுங்கள், இனி எப்படி வாழ்வது என்று கற்றுக்கொள்ளுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். சக்கர நாற்காலியில் ஏறி இறங்க, சிறுநீர்க் குழாய் மாற்ற, புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க, எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா பாடம் கேட்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்து கேட்டாள். தம்பி கேட்கவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

ஆம்பூர் வீட்டுக்கு வந்தபின்தான் அது எவ்வளவு சின்ன வீடு என்று தெரிந்தது. வாசலில் மூன்று படி. சக்கர நாற்காலி சமையலறைக் கதவில் நுழையாது. சந்து முழுக்கக் குண்டும் குழியும். முதல் வருடம் மாலையில் நான் வேலை முடிந்து வந்ததும் அவனைத் தள்ளிக்கொண்டு ரயில்வே கேட் வரை போய்வருவேன். எதிரே வருபவர்கள் நின்று, குனிந்து, உரத்த குரலில், காது கேட்காதவனிடம் பேசுவதுபோல விசாரிப்பார்கள். ஒரு நாள், "இனிமே வெளிய வேணாம்க்கா. பேஜாரா இருக்குது" என்றான். அதன்பின் வெளியே வரவில்லை.

சபையில் இருந்து வந்து ஜெபித்தார்கள். யாரோ சொன்னார்கள் என்று அம்மா ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு ஆட்டோவில் அவனை அழைத்துப்போனாள். மேடையில் இருந்தவர் எழுந்து நட என்று கத்தினார். அம்மா தம்பியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்ததும் தம்பி முதல் முறையாக அவளிடம் கத்தினான். "என்னை இன்னா பண்ணணும்னு இருக்கீங்க? நடக்க முடியலன்னா பாவமா நானு?" அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றாள்.

அவனைப் பார்க்க வருடத்துக்கு ஒரு முறையாவது சங்கு எடுப்பவர் வருவார். அவர் வந்தால் மட்டும் தம்பி தலையைச் சீவிக்கொண்டு உட்காருவான். திட்டம் முடிந்துவிட்டது, அலுவலகத்தைக் காலி செய்துவிட்டார்கள், அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரிந்தது. கடைசியாக வந்தபோது சட்டைப்பையிலிருந்து ஒரு தாள் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் வைத்தார். உள்ளே பாசி பிடித்த ஒரு பிளாஸ்டிக் குறி.

"மீன் ஏலக்கடையில பாத்தேன் தம்பி. களவா. நல்லா வளந்த மீனு. நாலு வருசம் இருக்குமா நீங்க போட்டு? வாங்கின ஆளுகிட்ட கேட்டு இதை மட்டும் வெட்டி எடுத்தேன்."

தம்பி நகத்தால் பாசியைச் சுரண்டினான். எண்ணில் பாதி தேய்ந்திருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சந்தோஷப்படப்போகிறான் என்று நான் நினைத்தேன்.

"இது கூடையில எறக்கினதா, சும்மா வுட்டதா?" என்று கேட்டான்.

அவருக்கு எப்படித் தெரியும்?

"கூடை இல்லாம வுட்டதுல ஒண்ணு ரெண்டு தானா பொழைக்கும். இது அதுவா இருந்தா?"

"கூடையில போனதாத்தான் இருக்கும் தம்பி. நீங்கதான் கண்ணால பாத்தீங்கள்ல?"

"பாறைக்குள்ள போனதைத்தான் பாத்தேன். அப்புறம் இருந்துச்சா, செத்துச்சா? அத எங்க பாத்தேன்? நம்பர் எழுதின நோட்டு எங்கயாச்சும் இருக்குமா, கேட்டுப் பாக்க முடியுமாண்ணே?"

"ஆபீசே இல்லையே தம்பி."

அவர் போனபின் குறியை என்னிடம் கொடுத்து எங்காவது வை என்றான். எங்கே வைத்தேன் என்று பிறகு ஒரு நாளும் கேட்கவில்லை.

அந்தக் கோடையில் இடுப்பில் புண் வந்தது. முதலில் ஒரு சிவப்புப் பொட்டு. அம்மா எவ்வளவு கவனமாகப் பார்த்தும், மருந்து வைத்தும், அது உள்ளுக்குள்ளேயே அரித்துக்கொண்டு போனது. அங்கே தொட்டாலும் அவனுக்குத் தெரியாது. வலிக்கவில்லை என்பதுதான் பயமாக இருந்தது. பிறகு சிறுநீரகத்துக்கும் தொற்று பரவியது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. வேலூருக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம்.

ஒரு மதியம் ஆஸ்பத்திரியில் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். ஸ்பூனைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தான்.

"அக்கா, என்னைத் திரும்பக் கீழ எறக்கினாங்க இல்ல, அப்ப கால் ரெண்டும் வந்துச்சு. விரலக்கூட மடக்கிப் பாத்தேன். வலி இல்ல, ஒண்ணும் இல்ல. அங்கயே இருந்திருக்கலாம்னு தோணும் எனக்கு."

"அப்படிப் பேசாதடா."

"நீ கேக்கணும்னு சொல்றேன். வேற யாராண்ட சொல்வேன்?"

நான் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

மழை தொடங்கும் மாதத்தில் போய்விட்டான். முப்பது வயது முடியவில்லை. சங்கு எடுப்பவருக்குச் சொல்லி அனுப்பினோம். அவர் வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் ஈர மண்ணின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

நான் வேலைக்குத் திரும்பினேன். திரும்பாமல் என்ன செய்வது? லைன் ஓடுகிறது. ஆர்டர் வருகிறது. புதிதாகச் சேரும் பெண்களுக்கு ஊசி மாட்டச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அம்மா முதலில் அவன் நடக்க வேண்டும் என்று ஜெபித்தாள். பிறகு நாற்காலியிலாவது நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்டாள். பிறகு புண் ஆற வேண்டும் என்று. பிறகு காய்ச்சல் இறங்க வேண்டும் என்று. கடைசி வாரத்தில் அவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும், அதை எழுத மனம் வரவில்லை. இப்போதும் மாலையில் விளக்கைப் போட்டுவிட்டு, வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்காருகிறாள். உதடு அசைவதே இல்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.